அவுரியும் நித்தியகல்யாணியும்: நம் துறைமுகம் கண்ட இரண்டு இலைகள்



பூங்காவின் கிழக்குச் சுவர் ஓரமாகக் காலியாகக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளை வைக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசினோம். சிலர் அவுரி என்றார்கள், பலர் நித்தியகல்யாணி என்றார்கள். ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் நம்முடையது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். குடிக்கும் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றிலோ உப்பு. ஆகவே இரண்டு யோசனைகளும் நல்லவைதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் உண்டு. காலையில் நடக்க வருபவர்களில் சிலர், "சர்க்கரைக்கு நல்லது" என்று நித்தியகல்யாணி இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே நடப்பதைப் பார்க்கிறேன். இந்த இரண்டு செடிகளின் வரலாற்றையும் அவர்கள் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அவுரி. இந்தப் பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் அவுரி என்றால் நீலச்சாயம் எடுக்கும் செடி. நம் பக்கத்து விவசாயிகளும் வியாபாரிகளும் அவுரி என்று சொல்வது சென்னாவை. சித்த மருத்துவத்தில் நிலாவாரை, நிலவாகை என்றெல்லாம் வருவது இதுதான். மஞ்சள் பூ, தட்டையான காய், நீண்டு கூர்ந்த சிற்றிலைகள். ஆவாரைக்கு நெருங்கிய சொந்தம்.

இதன் பூர்வீகம் அரேபியாவும் செங்கடலுக்கு அந்தப் பக்கத்து ஆப்பிரிக்காவும். பேதி மருந்தாக இதை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர்கள் அரபு மருத்துவர்கள். எகிப்து வழியாகப் போன சரக்குக்கு அலெக்சாந்திரியா சென்னா என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையங்கோட்டைப் பகுதியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேய வணிகர் இதைப் பயிரிட்டு லண்டனுக்கு அனுப்பினார். உடையாத, அகலமான, பச்சை மாறாத இலைகளைக் கண்டு லண்டன் சந்தை அதற்கு 'டின்னெவெல்லி சென்னா' என்று தனிப்பெயர் கொடுத்தது. பிரிட்டிஷ் மருந்து ஏட்டிலும் அந்தப் பெயர் ஏறியது.

அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986இல் நமக்குத் தனி மாவட்டம் வந்துவிட்டது. உலகச் சந்தையில் இலையின் பெயர் மட்டும் மாறவில்லை. வங்கியில் ஏற்றுமதி பில் பிரிவில் இருந்த காலத்தில் 'டின்னெவெல்லி சென்னா இலை' என்று அச்சான இன்வாய்ஸ்களை எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறேன். சரக்கு ஏறுவது நம் துறைமுகத்தில், பெருமை மட்டும் பக்கத்து ஊருக்கு! திருநெல்வேலி உறவினர்கள் பொறுத்தருள்க.

இந்த இலை எப்படி வேலை செய்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1940களில் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆர்தர் ஸ்டோலும் அவருடன் பணியாற்றியவர்களும் சென்னோசைடு என்ற பொருளை இலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது வயிற்றில் ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மாற்றிய பிறகே குடலை அசைக்கும். இரவு சாப்பிட்டால் காலையில் பலன் என்று பெரியவர்கள் சொன்னதன் விளக்கம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது.

மருந்து என்பதால் அளவும் உண்டு. 'உடல் மெலிய தேநீர்' என்று விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பது இந்த இலையே. தினமும் குடித்தால் குறைவது கொழுப்பு அல்ல. உடலின் தண்ணீரும் பொட்டாசியமும். இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு (நம் குடியிருப்பில் பாதிப் பேர்) இது விளையாட்டில்லை.

இனி நித்தியகல்யாணி. தினமும் பூப்பதால் கல்யாணக் களையோடு ஒரு பெயர். கவனிப்பாரற்ற இடத்திலும் வளர்வதால் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயர். ஒரே செடிக்கு இந்த இரண்டு பெயரையும் வைத்த நம் மக்களின் துணிச்சலே தனி. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ், லண்டன் தோட்டங்களுக்குப் போய், அழகுக்காகவே உலகமெங்கும் பரவியது. போன இடங்களில் பலவற்றில் சர்க்கரை நோய்க்குக் கைமருந்தாகவும் ஆனது.

அந்தக் கைமருந்திலிருந்துதான் பெரிய கதை தொடங்குகிறது. ஜமைக்காவில் சர்க்கரை நோயாளிகள் இந்த இலையில் கஷாயம் போட்டுக் குடிப்பதைக் கவனித்த ஒரு மருத்துவர், 1952இல் சில இலைகளைக் கனடாவுக்குத் தபாலில் அனுப்பினார். அங்கே மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் என்பவர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் தொற்று நோய் கண்டு இறந்தன. சோதித்ததில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. நோய்க்கிருமியோடு போராடும் அணுக்கள் அவை.

சர்க்கரைக்கு மருந்து தேடியவர்கள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோயல்லவா இரத்தப் புற்றுநோய்? நோபிளும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் 1958இல் விண்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இந்தச் செடியில் இறங்கியிருந்தது. வின்கிறிஸ்டின் அங்கிருந்து வந்தது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் முக்கியமான ஒன்று.

நம் ஊர்க் கணக்கில் இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது, அதோடு சரி. முத்துக்குப் பேர்போன கடற்கரையில் முத்து ஓய்ந்த நேரத்தில், யாரும் விலை மதிக்காத ஒரு சுடுகாட்டுச் செடிக்கு விலை பிறந்தது. தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அதையும் பயிரிட்டார்கள். இலை ஒரு பக்கம், அஜ்மலிசின் என்ற பொருளுக்காக வேர் ஒரு பக்கம் என்று இரண்டும் கப்பல் ஏறின. ஒரு கிராம் விண்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று சொல்வார்கள்.

இப்போது காலை நடை நண்பர்களுக்கு. நீங்கள் மெல்வது, வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது என்று கண்டறியப்பட்ட அதே இலையை. மருத்துவமனையில் அதன் சாரத்தை இரத்த நாளம் வழியாக மட்டும், உடல் பரப்பளவுக்கேற்ப அளந்து, இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டு கொடுக்கிறார்கள். நாலு இலை என்பது என்ன அளவு? வெள்ளைப் பூச்செடியில் எவ்வளவு, சிவப்பில் எவ்வளவு? ஏற்கெனவே சர்க்கரை நோயால் தொற்று எளிதில் பிடிக்கும் உடம்பு உங்களுடையது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். செடி பார்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

பராமரிப்புக்கு வருகிறேன். இரண்டும் வெயில் குடிக்கும் செடிகள், மணல் கலந்த செம்மண் பிடிக்கும், வேர் பிடித்த பிறகு வாரம் ஒரு தண்ணீர் போதும். இரண்டுக்கும் எமன், தேங்கும் தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததையும், நம் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். கிழக்குச் சுவர் ஓரம் பள்ளம். அரை அடி உயரத்துக்கு மண் போட்டு மேடாக்காமல் எந்தச் செடியை வைத்தாலும் காசு வீண்.

ஆண்டு முழுவதும் பூ வேண்டுமென்றால் நித்தியகல்யாணிதான். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் புதராகும், தானே விதை உதிர்த்து முளைக்கும், ஆடு வாய் வைக்காது. ஆனால் சின்னக் குழந்தைகள் வாயில் வைப்பார்கள். ஆகவே ஊஞ்சல் பக்கம் வேண்டாம் என்பது என் கருத்து.

அவுரி ஓராண்டுப் பயிர் போலத்தான். முற்றியதும் பார்க்க வறண்டு தெரியும். முதலில் வரும் பூந்தண்டைக் கிள்ளினால் இலை பெருகும். மூன்றாம் மாதம் முதல் இலை பறித்து, நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்த வேண்டும். கறுத்துப் போனால் வியாபாரி கையால் தொட மாட்டார். வெள்ளையும் இளமஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகள் இதில் முட்டையிடும், புழு இலையைத் தின்னும். விற்பனைக்கில்லை என்பதால் நாம் மருந்தடிக்க வேண்டாம். பூச்சிகள் பறப்பதைப் பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

எனவே அவுரியைச் சுவர் நெடுக, நித்தியகல்யாணியை வாசல் கேட்டின் இருபுறமும் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். நம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம் 1 என்ற அவுரி ரகம் இந்த மண்ணுக்கானது. விதையின் தோல் கடினம் என்பதால் முந்தின இரவே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். புரட்டாசிக்குள் மேடு போட்டு முடித்தால், மழைக்கு முன் விதைத்துவிடலாம். மண் வண்டிக்கு ஏற்பாடு செய்யக்கூடியவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.