பேரில்லாத பெண்டாட்டிகள்

எஸ்றா புத்தகம் ஒரு பட்டியலோடு முடிகிறது. வேற்றினப் பெண்களைக் கட்டியிருந்த ஆம்பளைகள் நூறு பேருக்கு மேல், குடும்ப வாரியாக. அவர்களால் தள்ளிவிடப்பட்ட பொம்பளைகளில் ஒருத்தி பேர்கூட அதில் இல்லை. பழைய தமிழ் பைபிள் இவர்களை ‘மறுஜாதியான ஸ்திரீகள்’ என்கிறது. அந்தச் சொல் என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுகிறது.

கி.மு. 586-ல் பாபிலோன் எருசலேமை எரித்தது. ஆளுங்கூட்டத்தைச் சிறைபிடித்துப் போனது. ஏழை சனம் மட்டும் மிஞ்சிய வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த பாரசீக அரசன் கோரேஸ், ஊர் திரும்ப அனுமதித்தான். கி.மு. 515-ல் ஆலயம் மறுபடி எழுந்தது. திரும்பி வந்தவர்கள் ‘சிறையிருப்பின் மக்கள்’; மற்றவனெல்லாம் ‘தேசத்து ஜனங்கள்’. இந்த ஜனங்களில் பாபிலோனுக்கே போகாத யூதர்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வம்ச அட்டவணையில் பேர் அகப்படாத ஆசாரியர்களையே ஊழியத்திலிருந்து தள்ளிவைத்த காலம் அது.

எஸ்றா வந்தது கி.மு. 458 என்பது வழக்கமான கணக்கு. கலப்பு மணத்துக்குப் பழைய சட்டம் சொன்ன தடை, வேற்றுத் தெய்வங்களைக் கும்பிட வைத்துவிடுவார்கள் என்பது. இப்போது காரணம் மாறுகிறது: ‘பரிசுத்த வித்து’ கலந்துபோச்சு. (வித்து, ரத்தம், சுத்தம் என்றாலே எனக்குக் காது விறைத்துக்கொள்ளும். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) மூன்று நாளில் எருசலேமுக்கு வராதவன் சொத்து பறிமுதல், சபையிலும் இடமில்லை. ஒன்பதாம் மாதம், கொட்டுகிற மழையில் சனம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தது. பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடுவது என்று பேச்சு. யோனத்தான், யக்சியா என்று இரண்டே பேர் எதிர்த்து நின்றதாகப் பல மொழிபெயர்ப்புகள் சொல்கின்றன. பிறகு மூன்று மாத விசாரணை.

பேரரசின் காலடியில் கிடந்த சிறு கூட்டம். கரைந்துபோவோமோ என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யாரு? கி.மு. 445-ல் ஆளுநராக வந்த நெகேமியா, இப்படி மணந்த ஆம்பளைகளை அடித்து மயிரைப் பிய்த்ததைத் தானே எழுதிவைத்திருக்கிறான். இதற்கு மறுகுரலும் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. மோவாபியப் பெண் ரூத்தான் தாவீதின் கொள்ளுப்பாட்டி.

அதே காலத்தில், எகிப்தில் நைல் நதித் தீவு எலிபன்டைன். பாரசீகப் படையில் சேவகம் பார்த்த யூதர்கள் அங்கே தனி ஆலயமே வைத்திருந்தார்கள். ஆலய ஊழியன் அனனியா, மெசுல்லாம் என்பவனின் அடிமையான எகிப்தியப் பெண்ணை மணந்த கி.மு. 449-ஆம் வருசத்து ஒப்பந்தம் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. அவள் பேர் தமூத். புருசனைப் போலவே அவளும் மணத்தை முறித்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. கி.மு. 427-ல் மகளோடு அடிமைத்தனத்திலிருந்து விடுதலை. அந்தப் பத்திரம் எழுதும்போதும் அவள் வலது கையில் எசமான் பேர் பொறித்திருந்தது. கி.மு. 402-ல் எழுதிய வீட்டு விற்பனைப் பத்திரத்தில் புருசனுக்குள்ள பட்டமே அவளுக்கும் இருக்கிறது: யாகுவின் ஆலய ஊழியக்காரி.