காவலும் நோயும்

மலையேறியவர்க்கு மூச்சுத் திணறும் என்பது பழைய செய்தி. அவ்வேளையில் உடல் வாளா இருப்பதில்லை என்று மனிதன் எண்ணிக் கண்டறிந்தது பின்னாளில்தான். அவ்வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பிரெஞ்சு அறிஞர் வியோ என்பார் பெரு நாட்டுக்குச் சென்றார். கடற்கரையை அடுத்த லீமாவில் தம் இரத்தத்தைச் சோதித்தார். ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருந்தன. பின்னர், 4,000 மீட்டருக்கும் உயரத்திலுள்ள மொரொகோச்சா என்னும் சுரங்க ஊரில் சில வாரம் தங்கி மீண்டும் எண்ணினார். தொகை 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது! 1890இல் இதை வெளியிட்டார். பிராணவாயு அருகியவிடத்து, அதைச் சுமக்கும் அணுக்களை உடல் பெருக்கிக்கொள்கிறது.

நல்ல ஏற்பாடுதான், அளவு மீறினால்? 1925இல் லீமா மருத்துவர் கார்லோஸ் மோங்கே விடை கண்டார். மலையிலேயே நெடுங்காலம் வாழ்ந்தோர் சிலருக்குச் சிவப்பணுக்கள் மிகுந்து, இரத்தம் தடித்து, தலைவலியும் சோர்வும் வாட்டின. தாழ்நிலத்துக்கு இறங்கியதும் நோய் தணிந்தது. காவலே நோயாயிற்று.

பிராணவாயு குறைந்ததை உடலுக்கு அறிவிப்பது எது? 1990க்குப் பின் அமெரிக்கரான செமென்சா, உயிரணுவினுள் இருக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். பிராணவாயு நிறைந்திருக்கையில் அது உண்டான சில நிமிடங்களிலேயே அழிக்கப்படுகிறது. குறைந்தாலோ, நிலைத்து நின்று சிவப்பணுக்களையும் புதிய இரத்தக் குழாய்களையும் தோற்றுவிக்கப் பணிக்கிறது. அழியும் வகையை விளக்கியவர்கள் கேலினும் ராட்கிளிஃபும். மூவரும் 2019ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றனர்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். வான் ஹிப்பெல்-லிண்டாவ் என்பது குடும்பவழி வரும் ஒரு நோய். அதில் பழுதுற்ற உயிரணுக்களால் அப்புரதத்தை அழிக்க இயலாது. பிராணவாயு நிறைந்திருந்தும் பஞ்சம் என்றே நம்பி அவை இயங்குகின்றன. மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் எழுகின்றன. இதற்கு மாறாக, சிறுநீரகம் நலிந்தவர்க்குச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஆணை போதிய அளவு பிறவாமல் இரத்தசோகை வருகிறது. இன்று முன்னவர்க்கு அப்புரத வகையை அடக்கவும், பின்னவர்க்கு நிலைநிறுத்தவும் மருந்துகள் உள்ளன.

இவ்வரலாற்றை எண்ணுந்தோறும் ஒன்று என் நெஞ்சில் நிற்கிறது. உயிரைக் காக்கும் ஆணைக்கும் நோயை வளர்க்கும் ஆணைக்கும் பிறப்பிடம் ஒன்றே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற முதுமொழி உயிரணுவுக்கும் பொருந்தும். அந்த அளவைக் காப்பதே மருத்துவரின் பணி.