அரக்கும் பழைய மரத்தின் கருநிறமும்

பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகையை நாம் அனைவரும் அறிவோம். நம் முன்னோர் வாங்கி வைத்த கருநிற நாற்காலியிலும் மேசையிலும் மின்னும் மெருகும் பெரும்பாலும் அதே அரக்கின் செயல்தான்.

சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒரு சிறு பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சிப் பிசினாகக் கசியவிடுகிறது. கிளையோடு வெட்டி எடுப்பது கொம்பரக்கு. அதனை நொறுக்கிக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு கிடைக்கும். 1781-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் கெர் என்பவர் இப்பூச்சியைப் பற்றி விரிவாக எழுதினார்.

அக்காலத்தில், கழுவும் நீரில் இறங்கிய செஞ்சாயத்துக்கும் வெளிநாடுகளில் கிராக்கி இருந்தது. 1856-இல் வில்லியம் பெர்க்கின் லண்டனில் செயற்கைச் சாயத்தைக் கண்டார். அதன்பின் அரக்குச் சாய வியாபாரம் படிப்படியாகத் தளர்ந்தது. பிசினோ நிலைத்து நின்றது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் பூச்சு மேல் பூச்சாகத் தேய்க்கும் ‘பிரெஞ்சு பாலிஷ்’ முறை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும், பிறகு நம் நகரங்களிலும் பரவியது. 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் ஊரில் அரக்கு ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது.

இவ்வரலாற்றை அறிந்தால், பழைய பொருளைப் பழுது பார்க்கும்போது பெரியதொரு பிழையைத் தவிர்க்கலாம். உடைந்த காலுக்குப் பதிலாகப் புதுக்கால் பொருத்தியதும், நிறம் ஒத்துவர வேண்டுமென்று மேசை முழுவதற்கும் கருவண்ணம் பூசிவிடுகிறோம். மரத்தின் ரேகைகள் அதனடியில் மறைந்துபோகின்றன. பழைய கருமை ஒற்றை நிறமன்று. மரத்தின் முதிர்ச்சி, அதிலூறிய சாயம், அரக்கு, பல்லாண்டுப் புகை ஆகிய அனைத்தும் கலந்தது. நெடுநாள் வெயில் பட்ட ஈட்டி மரம் வெளுப்பதும் உண்டு.

ஆதலால் புதுக்காலை மட்டுமே பழையதற்கு இணங்கச் செய்தல் வேண்டும். அதே இன மரத்துண்டில் சாயத்தையும் அரக்கையும் ஏற்றி, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். மெல்லிய பூச்சுகளாகவே ஏற்றுவோம். கருமையைக் கூட்டுவது எளிது, குறைப்பது அரிது. மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்தால், பழைய பூச்சு அரக்காயின் இளகும். அவ்வாறு இளகுவதால் புதிய அரக்கு அதனோடு ஒன்றிவிடும். பழையதை உரிக்கத் தேவையில்லை.

ஊர்விட்டு ஊர் வந்த நம்மோடு பயணம் செய்த பொருள்கள் சிலவே. அவற்றின் முதுமையை அழிக்காமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமை.