முட்டை ஒவ்வாமை: மாறாத பிள்ளைகளும் வாய்வழிச் சிகிச்சையும்

முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு வளர வளர அது மாறிவிடும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்னும் மாறாத பிள்ளைகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. சுவிஸில் எங்கள் பிறந்தநாள் மண்டபங்களில் ரோல்ஸ், கேக், கொத்துரொட்டி, வட்டலப்பம் என்று எல்லாவற்றிலும் முட்டை. ஞாயிறு காலையில் சுவிஸ்காரர் உண்ணும் பின்னல் பாணின் மினுமினுப்பும் முட்டைப் பூச்சுத்தான்.

ஒவ்வாமைக்கு முக்கிய காரணம் வெள்ளைக்கருவில் உள்ள புரதங்கள். அவற்றில் ஓவல்புமின் சூட்டில் உருமாறும். ஓவோமியூக்கோயிட் சூட்டைத் தாங்கும். அதனால்தான் சில பிள்ளைகள் நன்றாக வெதுப்பிய கேக்கைச் சுகமாகச் சாப்பிடுவார்கள், அரைவேக்காட்டு முட்டைக்கு முகம் வீங்குவார்கள். 'கேக் சாப்பிடுகிறவள்தானே' என்று முட்டைக் கோப்பி அடித்துக் கொடுப்பது ஆபத்து. பெரியபிள்ளையானதும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதை அம்மம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

'கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்' என்று அம்மம்மாமார் சொல்வது முழுப் பிழையும் அல்ல. 1908 இல் ஆங்கிலேய வைத்தியர் அல்பிரட் ஸ்கோபீல்ட், முட்டை ஒவ்வாமை உள்ள 13 வயதுச் சிறுவனுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டிக் கொடுத்து, அவனை முட்டை உண்ண வைத்ததை 'லான்செட்' இதழில் எழுதினார். இன்றைய வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சையின் அடிப்படையும் அதுதான்.

2012 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 5 முதல் 11 வயதுவரையான 40 பிள்ளைகளுக்கு முட்டைவெள்ளைத் தூள் நாளாந்தம் கொடுத்தார்கள். 15 பேருக்குப் போலித் தூள். 22 மாதங்களில் 40 பேரில் 75 வீதமானோர் சோதனையில் முட்டையைத் தாங்கினார்கள். பிறகு தூளைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு 24 ஆம் மாதத்தில் சோதித்தபோது தேறியவர்கள் 11 பேர், அதாவது 28 வீதம். கணக்குப் படித்தவன் என்ற முறையில் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பெற்றார் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மற்றவர்களின் பாதுகாப்பு நாளாந்த அளவில் தங்கியிருக்கிறது. தவணை கட்டி முடியாத கடன் மாதிரி.

பக்கவிளைவுகளும் உண்டு. வாய் அரிப்பும் வயிற்றுவலியும் அடிக்கடி வரும். சிலவேளை உயிருக்கு ஆபத்தான கடும் தாக்கமும் வரலாம். காய்ச்சல் உள்ள நாளிலும், அளவை எடுத்த கையோடு ஓடி விளையாடினாலும் ஆபத்துக் கூடும். சிலருக்கு உணவுக்குழாயில் அழற்சி ஏற்படும். (இந்த நோயை 1990களில் முதலில் விவரித்தவர்களில் ஒருவர் ஓல்டன் நகர வைத்தியர் அலெக்ஸ் ஸ்ட்ராவுமன்.) சாப்பாடு நெஞ்சில் சிக்குகிறது என்று பிள்ளை சொன்னால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆகவே வீட்டில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். முதல் அளவும் ஒவ்வொரு கூட்டலும் ஒவ்வாமை நிபுணரின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். அட்ரினலின் பேனா எப்போதும் கையில் இருக்கட்டும்: மூச்சுத் திணறினால் தொடையின் வெளிப்புறத்தில் ஏற்றிவிட்டு 144 ஐ அழையுங்கள்.

வைத்தியரிடம் பேச, நோயுள்ள அதே பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை, அடிப்படைக் காப்புறுதியில் பிள்ளைகளுக்குக் கட்டாய பிரான்சீஸ் இல்லை. காப்புறுதி ஏற்கும் செலவில் 10 வீதம், ஆண்டுக்கு உச்சம் 350 பிராங், உங்கள் பங்கு. இந்தச் சிகிச்சையை ஏற்பார்களா என்பதைத் தொடங்குமுன் கிராங்கன்காசாவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.