எட்டு வாட்டும் எண்பது வாட்டும்

நேத்து களை எடுத்தவங்களுக்குக் கூலி கொடுத்துட்டுத் திண்ணையில உக்கார்ந்தேன். சென்னையிலேருந்து அக்கா மகன் போன் பண்ணினான்.

"மாமா, ஸ்பீக்கரை வித்துடலாம்னு இருக்கேன். பாதி விலைக்குத்தான் கேக்கறாங்க."

ஒரு வருசம் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கின வெளிநாட்டு ஸ்பீக்கர். மெதுவா வெச்சா பாட்டு நல்லா இருக்காம். தவில் வர்ற இடத்துல கொஞ்சம் கூட்டினா கரகரன்னு உடையுதாம்.

"ஆம்ப்ளிஃபயர் என்னடா?"

"வால்வு ஆம்ப் மாமா. 300பி. எட்டு வாட்டு. அதுதான் இனிமைன்னு எல்லாரும் சொன்னாங்க."

"ஸ்பீக்கர்ல என்ன போட்டிருக்கு?"

"4 ஓம். 85 டெசிபல்."

ஸ்பீக்கர் மேல தப்பு இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கயும் எழுதறேன்.

விவசாயிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பீங்க. 1988-ல பிளஸ் டூ முடிச்சுட்டு ரெண்டு வருசம் மைக்செட்டுல வேலை பார்த்தேன். ஒரு கோயில் கொடையில நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். ஒவ்வொண்ணும் 8 ஓம். நாலையும் ஒண்ணா இணைச்சு ஆம்ப்ளிஃபயர்ல சொருகினேன். அப்படிப் போட்டா மொத்தமே 2 ஓம்தான் வரும்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது. சாமி புறப்படற நேரத்துல புகை வந்துச்சு, பவர் டிரான்சிஸ்டர் ரெண்டும் காலி. மைக்செட்டுக்காரர் திட்டலை. ஆனா எங்க அப்பா ஆட்டுக்குட்டியை வித்துக் காசு கொண்டு வந்து கொடுத்தார். அன்னைக்கிலேருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முதல்ல பின்னாடி திருப்பி ஓம் எவ்வளவுன்னு பார்ப்பேன். இந்தக் கதையை அப்புறம் தேடித் தேடிப் படிச்சதுக்கும் அந்த ஆட்டுக்குட்டிதான் காரணம்.

இன்னைக்கு வீட்டுல இருக்கற காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு வழி காட்டினவங்க அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில இருந்த ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேர். வருசம் 1925. அடுத்த வருசமே அது ரேடியோலா 104-ங்கற பேர்ல விற்பனைக்கு வந்துச்சு. அதுக்கு வேண்டிய ஆம்ப்ளிஃபயரையும் அதே பெட்டிக்குள்ள வெச்சே கொடுத்தாங்க. பொருத்தம் பார்க்கற வேலை வாங்கறவனுக்கு இல்லை.

அதே காலத்துலதான் பேசும் படம் வந்துச்சு. அன்னைக்கு வால்வுல பெரிய சக்தி எடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான பேர் உக்கார்ற கொட்டகையை நிரப்பணும், கையில இருக்கறதோ சில வாட்டு. அதனால பெரிய பெரிய ஹார்ன் வெச்சாங்க. நம்ம ஊர் குழாய் மாதிரிதான், கொஞ்சம் கொடுத்தாலே ஊருக்கே கேக்கும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோட 300பி வால்வு 1930-கள்ல அந்த உலகத்துலதான் பொறந்துச்சு. எட்டு வாட்டு அன்னைக்குக் குறைச்சல் இல்லை, ஏன்னா எதிர்ல நின்ன ஸ்பீக்கர் அப்படி. 1946-ல பால் கிளிப்ஷ் அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலத்துல கம்பெனி ஆரம்பிச்சு, வீட்டு மூலையில வைக்கற ஹார்னை வித்தார். அதுவும் நூறு டெசிபலுக்கு மேல கொடுக்கற ஜாதி.

கதை திரும்பினது 1954-ல. எட்கர் வில்சூர்ங்கறவர் காத்துப் புகாம அடைச்ச சின்னப் பெட்டியில ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டு வந்தார். உள்ளே அடைபட்ட காத்தே ஸ்பிரிங்கா வேலை செய்யும். அலமாரியில வைக்கற பெட்டியிலேருந்து அடிவயித்தைத் தொடற சத்தம் வந்ததும் ஜனங்க அசந்துபோனாங்க. நாலு வருசத்துல ஸ்டீரியோ ரெக்கார்டும் கடைக்கு வந்துடுச்சு. வீட்டுக்கு ரெண்டு பெட்டி வேணும்னா சின்னதுதானே வசதி? ஆனா சும்மா கிடைக்கலை. பெட்டி சின்னதாச்சு, அது கேக்கற சக்தி பெருசாச்சு. 1960-கள்ல டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கினதால யாருக்கும் அந்தப் பாரம் தெரியலை.

கணக்கு சுலபம். 3 டெசிபல் கூடணும்னா சக்தி ரெண்டு மடங்கு வேணும். 100 டெசிபல் ஹார்ன் 1 வாட்டுல கொடுக்கற சத்தத்தை 85 டெசிபல் பெட்டி கொடுக்கணும்னா 15 டெசிபல் ஏறணும். 2, 4, 8, 16, 32. அதாவது 32 வாட்டு. மருமகன் கையில இருக்கறதே எட்டு. இருநூறு அடி போருக்கு அரை ஹெச்.பி. மோட்டாரை இறக்கின கதைதான். மோட்டாரும் நல்லது, கிணறும் நல்லது. தண்ணிதான் வேண்டிய அளவுக்கு மேல வராது.

அதாவது, ஹார்ன் காலத்து ஆம்ப்பையும் ஏஆர் வழியில வந்த பெட்டியையும் அவன் ஒரே மேசையில சேர்த்துட்டான். ரெண்டும் தனித்தனியா உசத்தி. தனித்தனிப் பொருளா வாங்கற பழக்கம் வந்தப்புறம் ஜாதகம் பார்க்கற வேலை நம்ம தலையில விழுந்துடுச்சு.

இன்னொண்ணும் கேட்டான். "அப்போ பிளேயரை மாத்தினா சரியாகுமா மாமா?" இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. காசுல பெரும் பங்கு ஸ்பீக்கருக்கேன்னு பலபேர் இருந்த காலத்துல, 1970-கள்ல ஸ்காட்லாந்துல லின் கம்பெனிக்காரங்க எல்பி12-ங்கற ரெக்கார்டு பிளேயரை வெச்சுக்கிட்டு வேற மாதிரி பேசினாங்க. ஊத்துக்கண்ணுல தொலைஞ்சதைக் கடைசியில எந்த ஸ்பீக்கரும் திருப்பித் தராதுன்னாங்க. நியாயம்தான். மடையிலேயே சேறு கலந்தா கடைமடைக்குத் தெளிஞ்ச தண்ணி எப்படி வரும்? ஆனா இவனுக்கு மடை சுத்தமாத்தான் இருக்கு, வாய்க்கால்தான் பத்தலை. அதனால அதுல காசு போடாதேன்னேன்.

வால்வு ஆம்ப்புக்குப் பின்னாடி 4, 8-னு தனித்தனி முனை இருக்கும். பார்க்கச் சொன்னா, 4 ஓம் ஸ்பீக்கரை 8-ல மாட்டியிருக்கான். மாத்தினதும் கொஞ்சம் தேவலைன்னான். அப்புறம், "விக்கறதுக்கு முன்னாடி கூடப் படிச்சவன் யாருகிட்டயாவது எண்பது வாட்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பாரு"ன்னேன்.

இன்னைக்குக் காலையில மடை திருப்பிக்கிட்டு இருந்தப்ப போன் வந்துச்சு. அவன் ஒண்ணும் பேசலை. போனை ஸ்பீக்கர்கிட்ட பிடிச்சான். தவில் கேட்டுச்சு.

ஸ்பீக்கரை விக்கலையாம். வால்வு ஆம்ப்பை என்ன பண்றதுன்னுதான் இப்போ குழப்பம். அதையும் விக்காதே, அதுக்கேத்த ஸ்பீக்கர் கிடைக்கற வரைக்கும் துணி போட்டு மூடி வைன்னு சொல்லியிருக்கேன்.

நீங்களும் வாங்கறதுக்கு முன்னாடி பெட்டியைத் திருப்பி ஓமையும் டெசிபலையும் பாருங்க. உங்க வீட்டுலயே உங்க பாட்டைப் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் காசைக் கொடுங்க.

மழை வர்ற மாதிரி இருக்கு. மேலுரம் போடற வேலை பாக்கி. அடுத்த பதிவுல பார்ப்போம்ங்க.