கண்ணை வென்ற பந்து



பந்தாட்டங்களிலே வேகமும் வலிமையும் பெரிதும் போற்றப்படுகின்றன. ஆனால் துடுப்பாட்டக்காரரை வீழ்த்துவது பல வேளைகளில் அவருடைய சொந்தக் கண்ணேயாகும். பந்து தம்மை வந்தடையும்வரை காத்திருந்து முடிவு செய்ய அவருக்கு அவகாசமில்லை. அது வரும் வழியை முன்னதாகவே ஊகித்து மட்டையை வீசுகிறார். அந்த ஊகத்தைப் பொய்யாக்குவதே பந்துவீச்சுக் கலை.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, பின்னோக்கிச் சுழலும் அதிவேகப் பந்தை நெஞ்சளவு உயரத்திலே செலுத்துகிறார். அரை வினாடிக்குள் அது வந்து சேருகிறது. சுழற்சியின் காரணமாகக் காற்று பந்தை ஓரளவு தாங்குவதால், தாழ வேண்டிய அளவுக்கு அது தாழ்வதில்லை. பந்து மேலெழும்பியதாகவே கண் நம்புகிறது. மட்டையோ அதன் கீழே வெறுங்காற்றை வெட்டிச் செல்கிறது.

நமது நாட்டிலே இக்கலை கிரிக்கெட்டின் சுழற்பந்தில் உச்சம் கண்டது. அதன் வரலாறு மலைநாட்டோடு பிணைந்தது. ஹற்றனுக்கு அண்மையில் டரவளையிலும், நானுஓயாப் பக்கம் ரதல்லவிலும் தோட்டத் துரைமார் கிரிக்கெட் ஆடினார்கள். கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் லயங்களில் வாழ்ந்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவ்வாறு தென்னிந்தியாவிலிருந்து 1920ஆம் ஆண்டளவில் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழில் தேடி வந்த ஒருவரின் பேரனே முத்தையா முரளிதரன். அவர் 1972இல் கண்டியிலே பிறந்தார். கட்டுகாஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிலே பயின்றார். முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராயிருந்த அவர், பதினான்கு வயதளவில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார்.

அவருடைய வழமையான பந்து, வலக்கைத் துடுப்பாட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்பும். பிற்காலத்தில் அவர் 'தூஸ்ரா' என்னும் மறுபந்தையும் கைக்கொண்டார். பாகிஸ்தானின் சக்லைன் முஷ்தாக் புகழுறச் செய்த பந்து அது. ஓட்டமும் தோளும் ஒன்றாகவே தோன்ற, பந்து மட்டும் வெளியே திரும்பும். உள்ளே வருமென்று நம்பி ஆடியவர் விளிம்பில் பட்டு ஆட்டமிழப்பார்.

ஆயினும், துடுப்பாட்டக்காரரை மயக்கிய கண்மயக்கம் நடுவரையும் மயக்கியது. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில், அவர் பந்தை எறிகிறார் என நடுவர் டெரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழுமுறை தீர்ப்பளித்தார். விதி தடுப்பது வளைந்த கையை அன்று; வீசும் வேளையில் அதை நிமிர்த்துவதையே. முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முற்றாக நிமிராதது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த ஆய்வுகள், எறிவதுபோற் காணப்பட்டது கண்ணின் மயக்கமே என முடிவு செய்தன.

2004இல் தூஸ்ராவின் மீது மீண்டும் ஐயம் எழுந்தது. அக்காலத்தில் சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதிக்கப்பட்டது ஐந்து பாகை மட்டுமே. அளவீட்டிலே அவருடைய கை அதனைக் கடந்தது. ஆனால் விரிவாக ஆராய்ந்தபோது, குற்றமற்றவர் எனக் கருதப்பட்ட பலருடைய கைகளும் கண்ணுக்குத் தெரியாதவாறு நிமிர்வது புலனாயிற்று. எனவே 2005ஆம் ஆண்டு முதல் எல்லாருக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை வரம்பாயிற்று. இம்மாற்றம் ஒருவருக்காகவே செய்யப்பட்டது என்று குறை கூறினோரும் உண்டு. அளவீடோ ஒருவர் கையை மட்டும் அளக்கவில்லை.

1998இல் லண்டன் ஓவல் மைதானத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்திய அவர், 2010 ஜூலை 22ஆம் நாள் காலியிலே தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் விடைபெற்றார்.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2003இல், மலையகத்திலே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. மைதானத்திலே மட்டையைப் பொய்ப்பிப்பது மாயமன்று, கலை. அக்கலையைக் கண்டு மயங்குவது துடுப்பாட்டக்காரருக்கு ஒரு விக்கெட் இழப்பு. தீர்ப்பு வழங்குவோர் மயங்கினாலோ ஒரு மனிதரின் மானமே பணயமாகிறது. ஆதலால் தீர்ப்புக்குக் கண் மட்டும் போதாது; அளவுகோலும் வேண்டும்.