பாரிஸின் வயிற்றுக்குள் நுழைந்த ரயில்

பாரிஸ் என்றால் நம் ஊரில் மெட்ரோவைத்தான் சொல்வார்கள். ஆனால் சார்செல் பக்கம் குடியேறிய நம் புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால் "எர்-எ-எர்" என்பார்கள். விரித்தால் ரெஸோ எக்ஸ்பிரஸ் ரெஜியோனால், அதாவது வட்டார விரைவு ரயில் வலை.

மெட்ரோ இருக்கும்போது இது எதற்கு? 1900-இல் மெட்ரோ கட்டியபோது, பெரிய ரயில் கம்பெனிகள் நகருக்குள் புகுந்துவிடக் கூடாதென்று நகரசபை பிடிவாதமாக இருந்தது. அதனால் அந்த ரயில்கள் நுழைய முடியாதபடி சுரங்கங்களைக் குறுகலாகத் தோண்டினார்கள். பாதுகாப்புதான், ஆனால் அதன் விலையைக் கொடுத்தது பன்லியூக்காரர்கள், அதாவது புறநகர் ஜனங்கள். நகர வாசலில் இறங்கி, நெரிசலில் இன்னொரு வண்டி ஏற வேண்டும். அப்படியே எழுபது வருஷம்.

1969 டிசம்பரில் நாசியோனிலிருந்து புவாஸி-சேன்-லெஜே வரை முதல் பகுதி திறந்தது. புதிதல்ல, 1859-இல் போட்ட பழைய வேன்சேன் பாதை. அது முன்பு முடிந்த பஸ்தி நிலையத்தை மூடிவிட்டார்கள். இன்று அங்கே ஓபரா நிற்கிறது.

அதே வருஷம்தான் லே ஆல் சந்தை ரூன்ழிஸுக்குப் போனது. எமில் ஸோலா பாரிஸின் வயிறு என்று நாவலுக்குப் பெயர் வைத்தாரே, அதே சந்தை. காலியான இடத்தில் பிரம்மாண்டமான குழி. அதன் அடியில்தான் ஷாத்லே-லே ஆல் நிலையம். 1977 டிசம்பர் 8-இல் ஜனாதிபதி ழிஸ்கார் தெஸ்தேன் திறந்துவைத்தார். கிழக்கு, மேற்கு, தெற்குப் பாதைகள் அங்கே கைகோத்தன.

வடக்கை இணைப்பதுதான் தலைவலி. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இது நன்றாகப் புரியும்: ஒரே கோப்பு, இரண்டு இலாகா. தெற்கே பாரிஸ் போக்குவரத்து நிர்வாகம், 1,500 வோல்ட் நேர் மின்சாரம். வடக்கே தேசிய ரயில்வே, 25,000 வோல்ட் மாறு மின்சாரம். இரண்டிலும் ஓடும் வண்டியைச் செய்துவிட்டார்கள். ஆனால் ஓட்டுநர்? 2009 வரை கார் தியு நோரில் ஒருவர் இறங்கி மற்றவர் ஏறினார்! மின்சாரம் சமாதானமாகிவிட்டது, இலாகாக்கள் ஆகவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது 1975-இல் வந்த கார்த் ஒராஞ்ழ் என்னும் மாதச் சீட்டு. பஸ், மெட்ரோ, ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. ஆனாலும் மண்டலக் கணக்கு இருந்தது; வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் தூரம் போனவனே அதிகம் கட்டினான். எல்லா மண்டலத்துக்கும் ஒரே மாதக் கட்டணம் என்று ஆக 2015 செப்டம்பர் வரை பிடித்தது.